காட்பாடியில் ஒரு லினக்ஸ் மிரர்: டிஸ்க் வாங்குவதற்கு முன்

கேள்வி: காட்பாடியில் எங்கள் பல்கலைக்கழக லினக்ஸ் பயனர் குழுவுக்காக உபுண்டு, டெபியன் மிரர் (அவற்றின் மென்பொருள் பேக்கேஜ்கள் அத்தனைக்கும் ஒரு நகல் சர்வர்) வைக்க ஆசை. துறையில் ஒரு பழைய சர்வர் தருகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: யாருக்காக என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். லேப் மெஷின்களுக்கும் ஹாஸ்டல் லேப்டாப்களுக்கும் மட்டும் என்றால் முழு மிரரே வேண்டாம், ஏப்ட்-கேச்சர்-என்ஜி என்ற இடைச் சேமிப்பு மென்பொருள் போதும். ஒருவர் இறக்கிய பேக்கேஜை அது சேமித்து வைத்து, அடுத்தவருக்கு வளாகத்துக்குள்ளேயே கொடுத்துவிடும். 100 ஜிபி இடம் தாராளம். ரெப்போ (பேக்கேஜ்கள் இறங்கும் இடம்) முகவரிகள் மட்டும் எச்டிடிபியில் இருக்கட்டும். எச்டிடிபிஎஸ் வழியே போவதை அது சேமிக்காது. இதனால் பாதுகாப்புக் குறையுமோ என்ற பயம் வேண்டாம். ரெப்போவின் ரிலீஸ் கோப்பில் ஜிபிஜி என்ற டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது, பேக்கேஜ்களை நிறுவும் ஏப்ட் நிரல் அதைச் சரிபார்த்துவிட்டுத்தான் எதையும் நிறுவும்.

வெளியாருக்கும் சேவை தரத்தான் வேண்டும் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். உபுண்டு, டெபியன் இரண்டில் எதை எடுத்தாலும் டெராபைட் கணக்குதான். 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழுவதையும் உங்களுக்கே கொடுத்தாலும், 2 டெராபைட் இறங்க ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். அதனால் ஒரு டிஸ்ட்ரோவோடு (உபுண்டு அல்லது டெபியன்) தொடங்குங்கள்.

பலரும் சறுக்குவது சிங்க் செய்யும் (மூல சர்வரோடு ஒத்திசைக்கும்) வரிசையில். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவியை ஒரே ஓட்டமாக விட்டால், புதிய பேக்கேஜ் பட்டியல் முதலில் வந்துவிடும். அது சொல்லும் டெப் கோப்பு, அதாவது பேக்கேஜ், இன்னும் வந்திருக்காது. அந்த நேரத்தில் ஒரு மாணவி அப்டேட் கொடுத்தால் '404' அல்லது 'ஹேஷ் சம் மிஸ்மேட்ச்' என்று திரையில் வரும். தன் லேப்டாப்பில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வார். எனவே இரண்டு ஓட்டம் வேண்டும். முதலில் பூல் அடைவில் உள்ள பேக்கேஜ்கள், எதையும் அழிக்காமல். அடுத்து பட்டியல்களும் ரிலீஸ் கோப்புகளும். பழையதை அழிப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். டெபியனுக்கு இதையெல்லாம் எஃப்டிபிசிங்க் ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும், சொந்தமாக எழுத உட்காராதீர்கள். டெபியன் ஆர்க்கைவ் நாளுக்கு நான்கு முறை புதுப்பிக்கப்படுகிறது. அதற்கு மேல் சிங்க் செய்வது மூல சர்வருக்குத்தான் வீண் சுமை.

சர்வர் அறைக்கு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். வேலூர் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மாலையிலும் விடுமுறை நாளிலும் ஏசியை அணைத்துவிடுவார்கள் என்றால், பழைய ஹார்ட் டிஸ்க்குகள் மே மாதத்தைத் தாங்குவது கஷ்டம். மிரருக்கு பேக்கப் தேவையில்லை, மறுபடி இறக்கிக்கொள்ளலாம். ஆனாலும் ரெய்டு (ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளை இணைப்பது) போடுங்கள். ஒரு டிஸ்க் போனதற்காக இன்னொரு முறை அத்தனை டெராபைட்டையும் இறக்க வேண்டாம்.

ஆள் விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. இறுதியாண்டு மாணவர் படிப்பை முடித்துப் போனதும் பாஸ்வேர்டும் அவரோடு போய்விடும். தொடர்புக்குத் தனிப்பட்ட மின்னஞ்சலைக் கொடுக்காமல், குழுவுக்கென்று ஒரு முகவரி வாங்குங்கள். ஓர் ஆசிரியரும் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரும் அதைப் படிக்க வேண்டும். மிரரின் ப்ராஜெக்ட் அடைவுக்குள் ட்ரேஸ் என்ற இடத்தில் கடைசியாக சிங்க் ஆன நேரம் பதிவாகும். அது ஒரு நாளுக்கு மேல் பழையதானால் அந்த முகவரிக்கு மெயில் போகும்படி ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை) எழுதிவிடுங்கள். ஒரு செமஸ்டர் முழுக்கத் தடையில்லாமல் ஓடிய பிறகு மிரர்களின் பொதுப் பட்டியலில் பதிவு செய்யலாம்.