எவ்வளவு முடியும் என்று கேட்கும் முன்: மினி ஃபேஸ்லிப்ட் கேள்வி பதில்

31 வருடம் தாதியாக வேலை செய்தேன். அதில் 12 வருடம் கொழும்பில் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைத் தியேட்டரில். இப்போது ஓய்வுபெற்று மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. ஆனால் இந்தச் சத்திரசிகிச்சையைப் பக்கத்தில் நின்று பார்த்தவள், அதற்கு அடுத்த நாள் அந்த முகங்களைக் கழுவித் துடைத்தவள். அந்த அளவில் கேளுங்கள்.

ஆரையம்பதியிலிருந்து: மிஸ், எனக்கு 52 வயசு. கன்னம் இறங்கி, தாடை ஓரத்தில பை மாதிரித் தொங்குது. மினி ஃபேஸ்லிப்ட் என்டா என்ன? எவ்வளவு முடியும்?

முதலில் என்ன என்று சொல்கிறேன். காதுக்கு முன்னால் சின்னதாக வெட்டி, தோலுக்குக் கீழே இருக்கும் சவ்வுப் படையை இழுத்துத் தைத்து, மிஞ்சிய தோலை வெட்டி எடுப்பார்கள். நீங்கள் சொல்லும் தாடை ஓரத்துப் பைக்கு இது பொருந்தும். கழுத்துத் தோல் நன்றாகத் தளர்ந்திருந்தால் பொருந்தாது. கண்ணுக்கும் நெற்றிக்கும் இது ஒன்றுமே செய்யாது. கழுத்துத்தான் உங்கள் கவலை என்றால் மினிக்குக் கொடுக்கும் காசு வீண்.

இனிக் காசு. முகத்தைத் தொட்டுப் பார்க்காமல் போனில் விலை சொல்கிறவரை நம்ப வேண்டாம். விலை என்பது ஒரு தொகை இல்லை. சத்திரசிகிச்சை நிபுணரின் கட்டணம், மயக்க மருந்து வைத்தியரின் கட்டணம், தியேட்டர் வாடகை, அறை, முன்னதாகச் செய்யும் இரத்தப் பரிசோதனையும் ஈசீஜீயும், மருந்து, தையல் வெட்டத் திரும்பிப் போகும் பயணம் எல்லாம் சேர்ந்ததுதான் விலை. ஒருவர் குறைத்துச் சொன்னால் இதில் எதை விட்டுவிட்டார் என்று பாருங்கள். பெரும்பாலும் மயக்க மருந்து வைத்தியரைத்தான் விட்டிருப்பார்கள். எழுத்தில் பிரித்துத் தரச் சொல்லுங்கள். இன்னொன்றையும் கேட்டு வையுங்கள்: இரத்தம் கட்டித் திரும்பத் தியேட்டருக்குப் போக நேர்ந்தால் அந்தச் செலவு யாருடையது?

கல்முனையிலிருந்து: ரேட்டை மட்டும் சொல்லுங்க அக்கா.

மேலே இருப்பதுதான் பதில்.

காத்தான்குடியிலிருந்து: கொழும்பில நிறையப் பேர் போர்ட் போட்டிருக்காங்க. உண்மையான ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிற?

இதைக் கேட்டதற்கு நன்றி. இன்று வந்ததில் முக்கியமான கேள்வி இதுதான்.

இலங்கை மருத்துவ சபையில் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், அவர்களின் இணையத்தளத்திலேயே தேடலாம். ஆனால் வைத்தியர் பதிவில் பெயர் இருப்பது அவர் வைத்தியர் என்பதை மட்டும்தான் சொல்லும். அடுத்ததாக, அவர் எந்தத் துறையில் நிபுணர் என்று பாருங்கள். நம் நாட்டில் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணராக வர, எம்.பி.பி.எஸ். முடித்து, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் சத்திரசிகிச்சையில் எம்.டி. செய்து, பிறகு பல வருடம் அந்தத் துறையில் பயிற்சி எடுத்து, நிபுணராகச் சான்று பெற வேண்டும். 'அழகியல் வைத்தியர்', 'கொஸ்மெட்டிக் சர்ஜன்' என்று போர்டில் எழுத இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, சில நாள் பயிற்சியோடு எழுதிக்கொள்கிறவர்கள் உண்டு. சென்னைக்குப் போகிறவர்கள் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. என்ற இந்திய நிபுணர் பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இடத்தையும் பாருங்கள். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லலாம், வெட்கப்படத் தேவையில்லை.

வைத்தியரிடம் நேரே கேளுங்கள்: போன மாதம் இதை எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? நம்மைப்போன்ற நிறமுள்ளவர்களின் படங்கள் இருக்கிறதா? இரவு 2 மணிக்கு என் முகம் வீங்கினால் யார் வருவார்? கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால் எழும்பி வந்துவிடுங்கள்.

செங்கலடியிலிருந்து: அப்பாக்குக் காலையில இருந்து வாய் ஒரு பக்கமா இழுத்திருக்கு. இதுக்கு இந்த ஆபரேஷன் சரிவருமா?

மகன், இதை வாசிப்பதை விட்டுவிட்டு இப்போதே 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இது பக்கவாதமாக இருக்கலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். வாயில் தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம்.

அக்கரைப்பற்றிலிருந்து, பார்லர் நடத்துபவர்: மிஸ், நீங்க எங்களைப் பற்றிப் பேசவே இல்ல. நாங்களும் கோர்ஸ் செய்து சான்றிதழ் எடுத்தவங்கதான். நூல் போட்டுக் கன்னத்தைத் தூக்குறது ஆபரேஷன் இல்ல. டொக்டர்மார் லட்சக்கணக்கில எடுக்காங்க, நாங்க அதில ஒரு துண்டுக்குச் செய்றோம்.

தங்கச்சி, உங்கள் கைத்தொழிலை நான் மதிக்கிறேன். புருவம் எடுப்பதில் உங்கள் கை எனக்கு வராது. ஆனால் இது அது இல்லை. காதுக்கு முன்னால் முகநரம்பு 5 கிளைகளாகப் பிரிந்து, விரித்த கை மாதிரிக் கன்னத்தில் ஓடுகிறது. நீங்கள் ஊசி விடும் இடம் அதற்கு மேலேதான். நூல் கரைந்துபோகும், ஆனால் கிருமி தொற்றினால், தோல் குழி விழுந்தால், நூலின் முனை வெளியே வந்தால் உங்களிடம் என்ன மருந்து இருக்கிறது? மரத்துப்போகப் போடும் ஊசிக்கு ஒருவர் ஒவ்வாமையில் மயங்கி விழுந்தால் ஒட்சிசன் இருக்கிறதா?

ஏறாவூரிலிருந்து: அப்ப காசு இல்லாதவங்க வயசாகியே இருக்கணுமா? அந்த அக்கா சொல்றதில நியாயம் இருக்கு.

அந்தக் கோபம் எனக்கும் உண்டு. வைத்தியர்கள் எல்லோரும் சரி என்று நான் சொல்லவில்லை. நிபுணத்துவம் இல்லாத வைத்தியர் பின்னறையில் செய்தால் அது பார்லரை விட மோசம், ஏனென்றால் மக்கள் அந்த வெள்ளைக் கோட்டை நம்பி விடுவார்கள். ஆனால் காசு குறைந்தவருக்குத்தான் பிழைத்துப் போனதைத் திருத்தக் காசே இருக்காது. செய்யாமல் விட்ட முகம் நன்றாகத்தான் இருக்கும்.

அக்கரைப்பற்றிலிருந்து மீண்டும்: சும்மா பயம் காட்டுறீங்க. எனக்கு இதுவரைக்கும் ஒரு பிரச்சினையும் வந்ததில்ல.

பிரச்சினை வந்தவர்கள் உங்களிடம் திரும்பி வர மாட்டார்கள், எங்களிடம்தான் வந்தார்கள். கன்னம் சீழ் பிடித்து வந்த ஒரு பிள்ளைக்கு 23 வயது. எங்கே செய்தது என்று அது கடைசிவரை சொல்லவில்லை. நூலையும் ஊசியையும் விட்டுவிடுங்கள், தங்கச்சி. மற்ற எல்லாவற்றுக்கும் ஆட்களை நானே உங்களிடம் அனுப்புவேன்.

சம்மாந்துறையிலிருந்து: மார்க்கத்தில இது கூடுமா?

ஒரு ஆலிமிடம் கேளுங்கள். என் துறை இல்லை.

வாழைச்சேனையிலிருந்து: சின்ன வயசில குப்பிலாம்பு சரிஞ்சு கழுத்தும் தாடையும் எரிஞ்சு, தோல் இழுத்துப்போச்சு. தலையை நிமிர்த்த ஏலாது. இதுக்கும் லட்சம் வேணுமா?

இல்லை, பிள்ளை. உங்களுக்குத் தேவை ஃபேஸ்லிப்ட் இல்லை. எரிகாயத் தோல் இறுக்கத்தை விடுவிக்கும் சத்திரசிகிச்சை அரசாங்க வைத்தியசாலையில் இலவசம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை சத்திரசிகிச்சை கிளினிக்கில் காட்டி, பிளாஸ்டிக் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இதற்கென்றே பிரிவு இருக்கிறது. காத்திருக்க வேண்டி வரும், ஒரு முறையில் முடியாமலும் போகலாம். ஆனால் தலை நிமிரும். எத்தனையோ பேர் நிமிர்ந்து போனதைப் பார்த்திருக்கிறேன்.

களுவாஞ்சிகுடியிலிருந்து: சீனி வருத்தம் இருக்கு, பிரஷரும் இருக்கு. அம்மா வெத்திலையும் போடுவா. செய்யலாமா?

சீனியும் பிரஷரும் கட்டுப்பாட்டில் இல்லாமல் யாரும் தொடக் கூடாது. பிரஷர் ஏறினால் தோலுக்குக் கீழே இரத்தம் கட்டும். வெற்றிலையை விட அதனோடு போடும் போயிலைதான் எனக்குப் பயம். சிகரெட்டில் உள்ள அதே நிக்கொட்டின் இதிலும் இருக்கிறது, அது இரத்தக் குழாய்களைச் சுருக்கும். இழுத்துத் தைத்த தோலுக்கு இரத்தம் போகாமல், காது ஓரத்தில் கறுத்துச் செத்துப்போகும். சத்திரசிகிச்சைக்கு முன் 4 கிழமை, பின் 4 கிழமை போயிலை வாயில் படக்கூடாது. அஸ்பிரின் குடித்தால் இதய வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது, நிறுத்தாமல் சத்திரசிகிச்சைக்குப் போகவும் கூடாது. காது குத்தின இடத்தில் தழும்பு உருண்டு தடித்து வளர்ந்திருந்தால் அதையும் வைத்தியரிடம் காட்டுங்கள். வெட்டும் இடமும் அப்படியே வளரலாம்.

கல்லாற்றிலிருந்து: மகள் கனடாவில. அங்க செய்றதா, இங்க வந்து செய்றதா? எவ்வளவு வித்தியாசம்?

கனடாவுக்குப் பக்கத்து அமெரிக்காவின் கணக்கு ஒன்று இருக்கிறது. அங்குள்ள பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர்களின் சங்கம் 2022க்குச் சொன்ன சராசரி 11,395 டொலர். அது முழு ஃபேஸ்லிப்டுக்கு, அதுவும் நிபுணரின் கட்டணம் மட்டும். தியேட்டரும் மயக்க மருந்தும் வேறு. இங்கே குறையும். ஆனால் மகள் 10 நாள் லீவில் வருவதென்றால் வேண்டாம். வீக்கமும் கண்டலும் அடங்கவே 2 கிழமை ஆகும், பிழை ஒன்று வந்தால் கனடாவில் இருக்கும் வைத்தியர் இன்னொருவர் தைத்ததைத் தொடத் தயங்குவார்.

அம்பாறையிலிருந்து: மொத்தமா எவ்வளவு வரும்?

நாலாவது தடவை. முதல் பதிலை வாசியுங்கள், தயவுசெய்து.

கொக்கட்டிச்சோலையிலிருந்து: மரக்க வைச்சுத்தானே செய்யிற. காலையில செய்திட்டு இரவுக் கோச்சியில வீட்ட வரலாம்தானே, ஹோட்டல் காசு மிச்சம்?

வரக்கூடாது. இரத்தம் கட்டுவது பெரும்பாலும் முதல் 24 மணித்தியாலத்துக்குள்தான். ஒரு பக்கம் திடீரென்று வீங்கி, இறுகி, வலி கூடிக்கொண்டே போகும். உடனே திறந்து இரத்தத்தை எடுக்காவிட்டால் தோல் சாகும். ஒரு இடத்தில் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிய அம்மா ஒருவருக்கு, இரவு பஸ் பொலன்னறுவையை நெருங்கும்போது கழுத்து வீங்கத் தொடங்கியது. நல்லகாலம் அங்கே வைத்தியசாலை இருந்தது. இன்னும் ஒரு மணித்தியாலம் கழித்து, வெலிக்கந்தைக் காட்டுப் பாதையில் அது நடந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

முதல் இரவு வார்டில். பிறகு தையல் வெட்டும்வரை, 5 தொடக்கம் 7 நாள், வைத்தியசாலைக்கு அரை மணித்தியால தூரத்துக்குள், கூட ஒரு ஆளோடு. அந்த வாடகையையும் கூட இருப்பவரின் சாப்பாட்டையும் முதல் நாளே விலையில் சேர்த்து எழுதுங்கள்.