வராதவர்களிடம் கேட்பது

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் படிப்பகத்துக்கு நான் செயலாளர். எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கக் காலத்துத் தொண்டர்கள் சேர்ந்து தொடங்கி, முறைப்படி பதிவு செய்த சங்கம் இது. உறுப்பினர் பதிவேட்டில் 64 பெயர்கள் இருக்கின்றன; கூட்டத்துக்கு வருபவர்கள் 9 பேர். ஓட்டுக்கூரை ஒழுகுகிறது, மாலை வகுப்பு எடுக்க ஆள் இல்லை. நூல்களையும் இடத்தையும் பக்கத்து ஊர் அறக்கட்டளை ஒன்றிடம் ஒப்படைத்துவிடலாமா என்று அடுத்த மாதம் கூடி முடிவெடுக்க இருக்கிறோம். வராதவர்களையும் அழைக்க வேண்டும் என்பது என் எண்ணம். ‘பத்து வருடமாக எட்டிப் பார்க்காதவர்களிடம் என்ன கேள்வி’ என்கிறார்கள் மற்றவர்கள். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தோழர்களின் கோபம் நியாயமானது. ஆண்டுக்கணக்காக அறையைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, மின்கட்டணத்தைக் கைப்பணத்தில் கட்டியவர்களுக்கு அப்படிப் பேசும் உரிமை உண்டு. ஆனாலும் இந்த விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன்.

உங்கள் சங்கம் பிறந்த விதத்தை முதலில் நினைத்துப் பாருங்கள். 1991-இல் உங்கள் மாவட்டத்தில் அறிவொளி பரவியபோது, சம்பளம் இல்லாமல் இரவு வகுப்பு எடுத்தவர்களில் பெரும் பகுதியினர் இளைஞர்கள். அவர்களில் திருமணமாகாத பெண்கள் நிறையப் பேர். பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டக் கற்றதும் அந்த இயக்கத்தில்தான். அப்படி வந்தவர்கள் உங்கள் பதிவேட்டிலும் இருந்தால், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனவர்களை ‘எட்டிப் பார்க்காதவர்கள்’ என்று சொல்வது பொருந்துமா? அவர்கள் சங்கத்தை விட்டு விலகவில்லை, ஊரை விட்டுத்தான் போனார்கள். திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ பிழைக்கப் போனவர்களும் அப்படித்தான். மனம் நொந்து நின்றவர்கள் வேறு, ஆர்வம் போனவர்கள் வேறு. உங்கள் பதிவேட்டின் 55 பெயர்களையும் ‘வராதவர்கள்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டால் இந்த வேறுபாடு எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வாசகர் வட்டத்தில் நான் பொறுப்பில் இருந்தபோது, அதை மூடுவதா என்ற பேச்சு வந்தது. கூட்டத்துக்கு வராத ஏழு பேரை வீடு தேடிப் போய்ப் பார்த்தேன். ஒரு பெண்மணி, ‘மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைத்தால் அடுப்பை யார் பார்ப்பது, இதை நான் மூன்று தடவை சொன்னேனே’ என்றார். ஓய்வுபெற்ற ஒருவர் சந்தா பாக்கி 360 ரூபாயை எல்லோர் முன்னிலையிலும் பொருளாளர் கேட்டதிலிருந்து வருவதை நிறுத்தியிருந்தார். இன்னொருவர் வீட்டுப் பரணிலிருந்து ஒரு நீளக் கணக்குப் புத்தகத்தை இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தார். எங்கள் நூல்களின் முழுப்பட்டியல், யார் எதை எடுத்துப் போனார்கள் என்ற குறிப்போடு, அவருடைய உருண்டைக் கையெழுத்தில் அதில் இருந்தது. நாங்கள் தொலைந்துவிட்டது என்று தீர்மானப் புத்தகத்திலேயே எழுதிவைத்திருந்த பட்டியல் அது. அவர் வந்த காலத்தில் எங்களில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. ஏழு பேரில் மூவர் திரும்பி வந்தார்கள். மற்ற நால்வர் வரவில்லை, ஆனால் எங்கள் முடிவைப் பற்றி வெளியே ஒரு குறையும் சொல்லவில்லை.

சட்டமும் இதைப் பற்றி யோசித்திருக்கிறது. 1860-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தைப் பாருங்கள். ஒரு சங்கம் தன் நோக்கத்தை மாற்றவோ வேறொன்றுடன் இணையவோ விரும்பினால், அந்த யோசனையை எழுத்தில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் நேரிலோ தபாலிலோ பத்து நாள் முன்னதாகச் சேர்ப்பிக்க வேண்டும். ஐந்தில் மூன்று பங்கு உறுப்பினர்கள் இசைய வேண்டும். பிறகு ஒரு மாத இடைவெளியில் இரண்டாம் முறையும் கூடி அதை உறுதி செய்ய வேண்டும். அந்த ஒரு மாதம் எதற்கு என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். முதல் கூட்டத்தில் இல்லாதவரின் காதுக்குச் செய்தி போய்ச் சேர்ந்து, அவர் பதில் சொல்ல வேண்டிய அவகாசம் அது என்றே எனக்குப் படுகிறது. அதே சட்டம், மூன்று மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி வைத்தவருக்கு வாக்கில்லை என்றும் சொல்கிறது. உங்கள் தோழர்கள் இதைக் காட்டி வாதிடலாம். தமிழ்நாட்டில் நடப்பில் உள்ளது 1975-ஆம் ஆண்டுச் சட்டம் என்பதால், அதையும் உங்கள் துணைவிதிகளையும் எடுத்துப் பாருங்கள். வாக்கு இல்லாவிட்டாலும், விதிப்படி நீக்கப்படாத பெயரை உறுப்பினர் பெயராகவே மதிக்க வேண்டும் என்பது என் கருத்து.

வாக்கு இருக்கிறதா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மாலை வகுப்பை யார் எடுப்பது, எந்த நாளில் எடுப்பது என்பதை உழைக்கிற ஒன்பது பேர் முடிவு செய்யலாம்; அதில் வெளியூர்க்காரர் தலையிட வேண்டியதில்லை. இடத்தையும் நூல்களையும் பெயரையும் கைமாற்றுவது அப்படிப்பட்டதல்ல. அவற்றில் 64 பேரின் உழைப்பும் கலந்திருக்கிறது. ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்பவும் வராது.

ஆகவே அடுத்த மாதக் கூட்டத்தை இன்னும் ஒரு மாதம் தள்ளி வையுங்கள். கூட்ட அறிவிப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுக் கட்டைவிரல்களை எண்ணாதீர்கள். எண் மாறியவர்களும், நாலு பேர் பார்க்கும் இடத்தில் மனம் திறக்கக் கூசுபவர்களும் அங்கே விடுபட்டுப் போவார்கள். ஒன்பது பேருக்கும் ஆளுக்கு ஆறேழு பெயராகப் பிரித்துக் கொண்டு தனித்தனியாகப் பேசுங்கள். யாருக்கு யாரோடு மனவருத்தம் இருந்ததோ, அவரையே அனுப்பாதீர்கள். சந்தா பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். ‘ஒப்படைக்கப் போகிறோம், சம்மதமா’ என்று கேட்டால் ‘உங்கள் இஷ்டம்’ என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, ஏன் வர முடியாமல் போயிற்று, இந்தப் படிப்பகம் எப்படி இருந்தால் நன்றாக இருக்கும், மாதத்தில் ஒரு ஞாயிறு அல்லது கூரைக்கு ஒரு நாள் கூலி என்று ஏதாவது முடியுமா என்று கேளுங்கள். சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி வந்து, கூட்டத்தில் விவாதம் தொடங்குமுன் வாசியுங்கள். ‘என் பெயரை எடுத்துவிடுங்கள்’ என்று சொல்பவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் கொடுத்து அனுப்புங்கள்.

கல்யாணமாகிப் போனவர்களுக்குப் பதிவேட்டில் பிறந்த வீட்டு முகவரிதான் இருக்கும். அதைப் பழைய முகவரி என்று அடித்துவிட வேண்டாம். அந்த வீட்டுக்கே போங்கள். அம்மாவோ அண்ணியோ இருப்பார்கள், மகளின் இப்போதைய எண்ணை அவர்கள்தான் வைத்திருப்பார்கள்.