கல்லீரல் கட்டிகள்: கேள்வி பதில்

கேள்வி: வயது 38, ஆசிரியை. வயிற்றுவலிக்காக எடுத்த ஸ்கேனில் ஈரலில் 3 செ.மீ. ஹெமாஞ்சியோமா என்று எழுதியிருக்கிறார்கள். நான்கு நாளாகத் தூக்கமில்லை. புற்றுநோயாக மாறுமா டாக்டர்?

பதில்: மாறாது அம்மா. இன்றிரவு நிம்மதியாகத் தூங்குங்கள். இரத்தக் குழாய்கள் பின்னிக்கொண்டு உருவான முடிச்சு அது. ஈரலில் காணும் தீங்கற்ற கட்டிகளில் இதுதான் மிகுதி, அதிலும் பெண்களிடம். இந்த அளவு முடிச்சு பொதுவாக வலிக்காது. வலிக்கான காரணத்தைப் பித்தப்பையிலும் இரைப்பையிலும் தேடச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன்: ஈரலைத் தாக்கும் வைரஸான ஹெபடைட்டிஸ் பி-க்குப் பரிசோதனை செய்திருக்கிறீர்களா? நோயில்லாத ஈரலில் இப்படி ஒரு முடிச்சு தெரிந்தால் கவலை இல்லை. ஹெபடைட்டிஸ் பி அல்லது சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகிப்போவது) உள்ளவருக்கு அதே முடிச்சு தெரிந்தால், மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. பார்க்காமல் ஹெமாஞ்சியோமா என்று விட்டுவிடக் கூடாது. கட்டியின் அளவை எல்லோரும் கேட்கிறீர்கள். அது எப்படிப்பட்ட ஈரலில் வந்தது என்பதை யாரும் சொல்வதில்லை.

கேள்வி: எனக்கு 2 செ.மீ. ஹெமாஞ்சியோமா. உணவில் என்ன பத்தியம்?

பதில்: பத்தியம் எதுவும் இல்லை.

கேள்வி: 9 வருடமாகக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். ஈரலில் 6 செ.மீ. அடினோமா. அதுவும் தீங்கற்றதுதானே?

பதில்: தீங்கற்ற கட்டிதான், ஆனால் ஹெமாஞ்சியோமாவைப் போல மறந்துவிடக் கூடியதல்ல. 5 செ.மீ. தாண்டிய அடினோமா உள்ளே வெடித்து இரத்தம் கசியலாம்; சில வகைகள் புற்றாகவும் மாறும். உங்கள் மருத்துவரிடம் சொல்லி, மாத்திரையை நிறுத்தி வேறு கருத்தடை முறைக்கு மாறுங்கள். உடல் எடை கூடுதலாக இருந்தால் குறையுங்கள். ஆறு மாதம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்து, அப்போதும் 5 செ.மீ.க்கு மேல் இருந்தால் அறுவை சிகிச்சை. இடையில் திடீரென்று கடும் வயிற்றுவலி வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். உடற்பயிற்சிக் கூடங்களில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளும் தம்பிகளுக்கும் இதே அடினோமா வரும். ஆண்களுக்கு வந்தால் அளவு பாராமல் அகற்றுவதே வழி.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, 20 வருடமாக ஹெபடைட்டிஸ் பி, சிரோசிஸும் உண்டு. 2.5 செ.மீ. கட்டி. பயாப்ஸி எடுக்காமலே புற்றுநோய் என்கிறார்கள். எப்படி நம்புவது?

பதில்: நம்பலாம். காரணத்தைச் சொல்கிறேன். ஈரலுக்கு இரண்டு வழிகளில் இரத்தம் வருகிறது. சுமார் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக; மீதி தமனி வழியாக. ஈரல் புற்று முக்கியமாகத் தமனியிலிருந்தே இரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஸ்கேனுக்கான மருந்து தமனிக்கு வரும் நொடிகளில் கட்டி பளிச்சென்று ஒளிரும். சிரை வழியாக மருந்து ஈரல் முழுவதும் பரவும்போது கட்டி மட்டும் மங்கிப்போகும். சிரோசிஸ் உள்ள ஈரலில் இந்த இரண்டும் தெரிந்தால் அதுவே போதிய சான்று. பயாப்ஸிக்காக ஊசி குத்திச் சதை எடுத்தால் இரத்தக் கசிவும், ஊசித் தடத்தில் புற்று பரவும் சிறு வாய்ப்பும் உண்டு.

2.5 செ.மீ. என்பது நல்ல நேரத்தில் அகப்பட்ட கட்டி. வெட்டி எடுப்பது, வெப்பத்தால் பொசுக்குவது, மாற்று ஈரல் என மூன்று வழிகளும் பேசத் தக்கவை. 5 செ.மீ.க்குள் ஒரே கட்டி, அல்லது 3 செ.மீ.க்குள் மூன்று வரை என்று, மாற்று ஈரல் யாருக்குப் பொருந்தும் எனச் சொல்லும் மிலான் வரையறை 1996இல் வெளியானது. அப்பா அதற்குள் இருக்கிறார். வீட்டில் மற்ற அனைவரும் இந்த வாரமே ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: கீழாநெல்லி இருக்கும்போது இவ்வளவும் எதற்கு? ஹெபடைட்டிஸ் பியைக் கீழாநெல்லி நீக்கும் என்று நம் சென்னை ஆய்வே நிரூபித்ததே?

பதில்: அந்த ஆய்வு எனக்குத் தெரியும், மதிக்கவும் செய்கிறேன். 1988இல் லான்செட் இதழில் வந்தது. கீழாநெல்லி பெற்ற 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜன் (இரத்தத்தில் தொற்று இருப்பதைக் காட்டும் அடையாளம்) மறைந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும் அதில் ஓர் ஆசிரியர். ஆனால் பின்னர் வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. ஒரு முறை கிடைத்துப் பிறகு கிடைக்காத முடிவை நம்பி ஓர் ஈரலை ஒப்படைக்க முடியாது.

கேள்வி (மீண்டும் அவரே): என் மாமாவின் காமாலை கீழாநெல்லியால்தான் பத்து நாளில் இறங்கியது. கண்ணால் பார்த்தேன்.

பதில்: பார்த்தது உண்மை ஐயா. ஹெபடைட்டிஸ் ஏ தரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அப்போது எதைக் குடித்தாலும் அதற்குத்தான் பேர் கிடைக்கும். ஹெபடைட்டிஸ் பி அப்படியல்ல. காமாலையே இல்லாமல் முப்பது வருடம் உள்ளே இருந்து, சிலருக்குச் சிரோசிஸ்கூட இல்லாமல் நேராகப் புற்றைக் கொண்டுவரும்.

கேள்வி (வேறொருவர்): நம் மூலிகை என்பதால்தானே மட்டம் தட்டுகிறீர்கள்?

பதில்: இல்லை. ஹெபடைட்டிஸ் பி வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லிச் சாறு குடித்தவர்கள் ஈரல் செயலிழந்து வந்து படுத்ததைப் பார்த்தவன் நான். அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வைரஸ் சீறி எழும். அதைத்தான் எதிர்க்கிறேன், செடியை அல்ல. இந்தத் தலைப்பில் இனி பதில் இல்லை.

கேள்வி: 4 செ.மீ. ஹெமாஞ்சியோமா. ஆபரேஷன் தேவையா?

பதில்: தேவையில்லை. முதல் பதிலை வாசியுங்கள்.

கேள்வி: 3.5 செ.மீ. ஹெமாஞ்சியோமா...

பதில்: முதல் பதில். அதன் கடைசி மூன்று வரிகளையும் சேர்த்து.

கேள்வி: பித்தப்பையில் கல் இருக்கிறது, கரைக்க முடியுமா?

பதில்: இங்கே பேசுவது ஈரல் கட்டி. வயிற்று அறுவை மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்குப் பெருங்குடல் புற்று. ஈரலில் இரண்டு இடத்தில் பரவியிருக்கிறது. நான்காம் நிலை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்கிறார்கள் உறவினர்கள்.

பதில்: போகாதீர்கள். குடலிலிருந்து ஈரலுக்கு வந்த கட்டிகளை வெட்டி எடுக்க முடிந்தால், நான்காம் நிலையிலும் முழுதாகக் குணமானவர்கள் இருக்கிறார்கள். நோயில்லாத ஈரலில் மூன்றில் ஒரு பங்கை விட்டுவைத்தாலும் அது மீண்டும் வளர்ந்துகொள்ளும். ஈரல் அறுவையில் பழகிய மருத்துவர் ஒருவர் அந்த ஸ்கேனைப் பார்த்து முடியாது என்று சொல்லும்வரை கதவை மூடாதீர்கள்.

கேள்வி: எட்டு மாதக் கர்ப்பிணி. எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருப்பது இப்போதுதான் தெரிந்தது. குழந்தைக்கும் வருமா?

பதில்: தடுக்கலாம் அம்மா. இன்று வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இது. பிறக்கும்போது தொற்றினால் பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேருக்கு அது நிலைத்துவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்குக்கூட நிலைப்பதில்லை. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலின் (வைரஸை எதிர்க்கும் தயார்நிலைப் புரதம்) ஊசியும் போட வேண்டும். பிறந்த குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசியை 1984இல் தொடங்கிய தைவானில், பின்னாளில் சிறுவர்களின் ஈரல் புற்று வெகுவாகக் குறைந்தது. நாளைக்கே வைரஸ் அளவு பாருங்கள். அதிகமாக இருந்தால் உடனே உங்களுக்கும் மாத்திரை தேவைப்படும். பிரசவ மருத்துவமனையில் இம்யூனோகுளோபுலின் இருப்பில் உள்ளதா என்று இப்போதே கேட்டு வையுங்கள். இரவில் வலி எடுத்த பிறகு அதைத் தேடி அலையக் கூடாது.