படம் முதலில், வரைவு பிறகு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மருத்துவத்தில் ஏஐ பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ஆறு ரேடியாலஜிஸ்டுகள் (ஸ்கேன் படங்களை வாசிக்கும் மருத்துவர்கள்) சேர்ந்து நடத்தும் ஸ்கேன் மையம் எங்களுடையது. மார்பு எக்ஸ்ரேயைப் பார்த்துத் தானே ரிப்போர்ட் எழுதும் ஜெனரேட்டிவ் ஏஐ மென்பொருள் ஒன்றைச் சோதனைக்கு எடுத்தோம். விற்பனையாளர் காட்டியபோது பிரமாதமாக இருந்தது. எங்கள் வேலைக்குள் வந்தபின் நேரம் ஒன்றும் மிச்சமாகவில்லை. முதன்முறையாகப் படமெடுக்க வந்த ஒருவரின் ரிப்போர்ட்டில் ‘முந்தைய படத்தோடு ஒப்பிடுகையில் மாற்றமில்லை’ என்று வந்து, அது கையெழுத்தாகியும் போய்விட்டது. மூத்தவர்கள் இருவர் இனி தொடவே மாட்டோம் என்கிறார்கள். இளையவர்களுக்கு விட மனமில்லை. ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாமா? அல்லது நாங்கள் ஆரம்பித்த விதம்தான் தவறா?

ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள டாக்டர்,

ஆரம்பித்த இடம் தவறு. கருவி நல்லதா கெட்டதா என்பது அதைச் சரிசெய்த பிறகுதான் தெரியும்.

ஜெனரேட்டிவ் ஏஐ என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகள் விற்கப்படுகின்றன. ஒன்று, படத்திலிருந்து எழுத்து: எக்ஸ்ரேயைக் கொடுத்தால் ரிப்போர்ட் வரும். இன்னொன்று, எழுத்திலிருந்து எழுத்து: நீங்கள் சொன்ன ஃபைண்டிங்ஸை (படத்தில் கண்டவை) வைத்து இம்ப்ரெஷன் (ரிப்போர்ட்டின் முடிவுரை) எழுதுவது, பழைய ரிப்போர்ட்டுகளைச் சுருக்குவது, சொன்னதை உங்கள் டெம்ப்ளேட்டில் அடுக்குவது. இரண்டாவதில் சரிபார்க்க வேண்டிய மூலம் உங்கள் கண்முன் இருக்கிறது, அதுவும் நீங்களே சொன்னது. ஐந்து வரி இம்ப்ரெஷனைச் சில நொடிகளில் ஒப்பிட்டுவிடலாம். முதலாவதைச் சரிபார்க்க மொத்தப் படத்தையும் நீங்களே வாசித்தாக வேண்டும். அதோடு இயந்திரம் எழுதியதையும் வாசிக்க வேண்டும். உங்களுக்கு நேரம் மிச்சமாகாததற்குக் காரணம் இதுதான். ஒருவேளை மிச்சமாகியிருந்தால்தான் நான் பயந்திருப்பேன், யாரோ படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று.

அந்த ‘மாற்றமில்லை’ வரி எங்கிருந்து வந்தது? இந்த ஏஐ மாடல்கள் உண்மையான மருத்துவமனை ரிப்போர்ட்டுகளை வைத்துப் பழக்கப்படுத்தப்படுகின்றன. 2019இல் வெளியான மிமிக்-சிஎக்ஸ்ஆர் என்ற தொகுப்பில் பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் 2,27,835 பரிசோதனைகள் உள்ளன. அவற்றை எழுதிய மருத்துவர்கள் முந்தைய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ‘மாற்றமில்லை’, ‘சற்றுக் குறைந்துள்ளது’ என்று எழுதியவர்கள். ஒற்றைப் படத்தை மட்டும் பார்க்கும் மாடல் அந்த வாக்கியத்தைக் கற்றுக்கொண்டது. அதன் பின்னிருந்த ஒப்பீட்டைக் கற்கவில்லை. ‘இல்லாததை எழுதாதே’ என்று ப்ராம்ப்டில் (ஏஐக்குக் கொடுக்கும் கட்டளையில்) சேர்த்தால் இது குறையும், நிற்காது. நிறுத்த வேண்டுமானால் மாடலுக்கு வெளியே ஒரு காவல் வேண்டும்: பேக்ஸில் (படங்களைச் சேமிக்கும் கணினி அமைப்பில்) அந்த நோயாளிக்கு அதே உடற்பகுதியின் பழைய பரிசோதனை இல்லையென்றால், ஒப்பீட்டுச் சொல் இருக்கும், ஏஐ எழுதிய எந்த வரைவும் சிவப்பில் வரட்டும், அதைத் தீர்க்காமல் கையெழுத்திட முடியாதபடி இருக்கட்டும்.

இதே முறையில் இன்னும் சில காவல்கள் போடலாம். எல்லாமே எளிய நிரல்கள், ஏஐ தேவையில்லை. ஃபைண்டிங்ஸில் ‘இடது’ என்றிருந்து இம்ப்ரெஷனில் ‘வலது’ என்று வந்தால் நிறுத்து. இம்ப்ரெஷனில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் அதே அலகோடு ஃபைண்டிங்ஸிலும் இருக்க வேண்டும். மில்லிமீட்டர் சென்டிமீட்டராக மாறுவது நடக்கிற ஒன்று. பெண் நோயாளியின் ரிப்போர்ட்டில் ஆண்களுக்கே உள்ள ப்ராஸ்டேட் சுரப்பி வந்தால் நிறுத்து. கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து) கொடுக்கப்பட்டதா என்பதை டைகாம் ஹெடரை (படக் கோப்போடு சேர்ந்துவரும் தகவல் பகுதி) மட்டும் நம்பி எழுதவிடாதீர்கள். ப்ரோட்டோகால் (ஸ்கேன் எடுக்கும் முறை) பெயரில் ‘கான்ட்ராஸ்டுடன்’ என்று இருக்கும், ஊசி கடைசி நேரத்தில் ரத்தாகியிருக்கும். டெக்னாலஜிஸ்ட் (ஸ்கேன் எடுப்பவர்) பதிந்ததிலிருந்து எடுங்கள்.

இவையெல்லாம் இல்லாததைச் சேர்க்கும் பிழைகளைப் பிடிக்கும். நான் அதிகம் அஞ்சுவது இருப்பதை விட்டுவிடும் பிழையை. வயிற்று வலிக்கு எடுத்த சிடியில், நுரையீரலின் அடிப்பகுதியில் 7 மில்லிமீட்டர் முடிச்சு இருப்பதை நீங்கள் ஃபைண்டிங்ஸில் சொல்லியிருப்பீர்கள். மாடல் குடல்வாலைப் பற்றி அழகாக இம்ப்ரெஷன் எழுதி முடித்துவிடும். அனுப்பிய மருத்துவர் பெரும்பாலும் இம்ப்ரெஷனை மட்டுமே படிப்பார். தவறான சொல் கண்ணில் உறுத்தும். இல்லாத சொல் உறுத்தாது. ஆகவே ஃபைண்டிங்ஸில் உள்ள இயல்பற்ற ஒவ்வொன்றையும் பட்டியலாக எடுத்து, இம்ப்ரெஷனில் சேராதவற்றைத் தனியே காட்டும்படி கேளுங்கள். விட்டது சரிதானா என்று நீங்கள் முடிவு செய்யலாம்.

தொடர்பரிசோதனைப் பரிந்துரையையும் மாடலின் நினைவிலிருந்து எழுத விடக்கூடாது. மார்புப் படவியல் நிபுணர்களின் அமைப்பான ஃப்ளெய்ஷ்னர் சொஸைட்டியின் 2017 வழிகாட்டுதல்படி, 6 முதல் 8 மில்லிமீட்டர் வரையுள்ள ஒற்றைத் திட முடிச்சுக்கு 6–12 மாதத்தில் சிடி. ஆனால் 35 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர்கள், நோயெதிர்ப்பு குறைந்தவர்கள் ஆகியோருக்கு அந்த அட்டவணையே பொருந்தாது. இந்தத் தகவல் பல நேரம் மாடலுக்குக் கொடுக்கப்பட்டிருக்காது, இருந்தும் அது தயங்காமல் எழுதும். பரிந்துரை வாக்கியங்களை நிலையான அட்டவணையாக வைத்து, அதிலிருந்து நீங்கள் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு.

இனி வரிசை. வரைவு எப்போது திரையில் வருகிறது என்பதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கிறேன். 2023இல் ‘ரேடியாலஜி’ இதழில் வந்த ஓர் ஆய்வில் 27 ரேடியாலஜிஸ்டுகள் மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) பார்த்தார்கள். ஏஐ சொன்னது என்று காட்டப்பட்ட பை-ராட்ஸ் வகைப்பாடு (புற்றுநோய் சந்தேகத்தின் அளவைக் குறிப்பது) சரியாக இருந்தபோது, மிகுந்த அனுபவசாலிகள் சுமார் 82 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். வேண்டுமென்றே தவறாகக் காட்டியபோது அது சுமார் 45க்கு இறங்கியது. அனுபவம் குறைந்தவர்கள் ஏறத்தாழ 80இலிருந்து 20க்கு இறங்கினார்கள். அது வகைப்பாடு, உங்களுடையது வாக்கியம். ஆனாலும் முதலில் கண்ணில் பட்ட பதில் பார்வையை இழுத்துச் செல்வது இரண்டிலும் ஒன்றுதான். எனவே படம், பிறகு உங்கள் ஃபைண்டிங்ஸ், அதன் பிறகே வரைவு. ஃபைண்டிங்ஸ் முடியும்வரை வரைவு திறக்காதபடி மென்பொருளிலேயே பூட்டு இருக்க வேண்டும். ஒழுக்கத்தை நம்பி இதை விட்டால், வேலை குவிந்த நாளில் உடையும்.

மறுபடி சோதிக்கும்போது உங்கள் மையத்தின் பழைய ரிப்போர்ட்டுகளில் 300 எடுங்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பின் எடுத்தவை, குழந்தைகள், தரம் குறைந்த படங்கள் எல்லாம் இருக்கட்டும். எண்ணிக்கை ஏன் முக்கியமென்றால், 30இல் ஒரு பெரும்பிழையும் இல்லையென்றாலும் உண்மையான விகிதம் 10 விழுக்காடு வரை இருக்கலாம். 300இல் இல்லையென்றால் மேல்வரம்பு 1 விழுக்காடு, 95 விழுக்காடு நம்பிக்கையுடன். மூன்றை எண்ணிக்கையால் வகுத்தால் வருவது இது. ஒவ்வொன்றையும் இருவர் தனித்தனியே மதிப்பிடட்டும், முரண்பட்டால் மூன்றாமவர் தீர்க்கட்டும். நோயாளியின் சிகிச்சை மாறக்கூடிய பிழை, திருத்தினால் போதும் என்ற பிழை என்று இரண்டே வகை. மதிப்பிடும் இருவராக மறுக்கும் அந்த மூத்தவர்களையே கேளுங்கள். அவர்களுடைய கண்டிப்புதான் இப்போது உங்களுக்குத் தேவை. அவர்கள் தாங்களே எண்ணிப் பார்த்த முடிவை மற்றவர்களும் நம்புவார்கள்.

அதன்பின் சில வாரங்கள் நிழல் ஓட்டம்: வரைவு உருவாகும், யாருக்கும் காட்டப்படாது, கையெழுத்தான ரிப்போர்ட்டோடு பின்னர் ஒப்பிடப்படும். நேரடிப் பயன்பாடு வந்தபின், படம் திறந்ததிலிருந்து கையெழுத்து வரையான நேரத்தையும், பிறகு எழுதப்படும் அடெண்டம் (கையெழுத்தான ரிப்போர்ட்டில் பின்னர் சேர்க்கும் திருத்தம்) எண்ணிக்கையையும் சேர்த்தே பாருங்கள். நேரம் குறைந்து அடெண்டம் கூடினால் அது லாபமில்லை. ஒருவருடைய திருத்தங்கள் வாரத்துக்கு வாரம் குறைந்து பூஜ்யத்தை நெருங்கினால், மாடல் தேறிவிட்டது என்று மகிழ வேண்டாம். அவர் படிப்பதை நிறுத்தியிருக்கலாம், பேசிப் பாருங்கள்.

நோயாளி விவரம் வெளியே போவது பற்றிச் சுருக்கமாக: டைகாம் ஹெடரில் பெயரை நீக்கினால் போதாது. அல்ட்ராசவுண்டில் பெயர் படத்திலேயே பதிந்திருக்கும், தலை சிடியிலிருந்து முகத்தை மீட்டெடுக்க முடியும், ரிப்போர்ட்டின் வாசகத்துக்குள்ளும் பெயர்கள் கிடக்கும்.

ஒப்பந்தத்தை இப்போதே முறிக்க வேண்டாம். விற்பனையாளரிடம் எழுத்தில் நான்கு கேளுங்கள். மாடலின் பதிப்பை மாற்றுமுன் முன்னறிவிப்பு தருவார்களா (மாறும்போதெல்லாம் அந்த 300ஐ மறுபடி ஓட்ட வேண்டும்)? உங்கள் மையத்தின் தரவை வைத்து மாடலைப் பழக்க மாட்டோம் என்று உறுதி தருவார்களா? ஃபைண்டிங்ஸ் முடியும்வரை வரைவைப் பூட்ட முடியுமா? வரைவும் இறுதி ரிப்போர்ட்டும் தனித்தனியே சேமிக்கப்பட்டு உங்கள் கைக்குக் கிடைக்குமா? மற்றவற்றில் பேசி இறங்கி வரலாம். கடைசி இரண்டில் ஒன்றுக்கு ‘முடியாது’ என்று பதில் வந்தால், அப்போது முறித்துக்கொள்ளுங்கள்.