டிஸ்லெக்சியா இருக்குற புள்ளைய சாதாரண ஸ்கூல்லயே படிக்க வைக்கலாமா?

தாராளமா வைக்கலாம். குன்னூர், கோத்தகிரி பக்கம் நிறைய பேர் இதக் கேக்குறாங்க, அதனால எல்லாருக்கும் சேத்தே சொல்றேன். டிஸ்லெக்சியான்னா புத்தி கம்மின்னு இல்ல, எழுத்தையும் அதோட சத்தத்தையும் மூளை கோத்துப் பாக்க நேரம் எடுக்குது, அதான் வாயால கேட்டா டக்குனு சொல்ற புள்ள பேனாவ எடுத்தா திணறுது (ன, ண நமக்கே குழம்பும், அது வேற).

மேட்டுப்பாளையத்துல டாப் கியர்ல வர்ற பஸ் பர்லியாறு ஏத்தத்துல கியர குறைக்குது, அதுக்காக இஞ்சின் போச்சுன்னா சொல்றோம்?

கிளாஸ்ல பெருசா ஒண்ணும் வேணாம், கேள்விய வாசிச்சுக் காட்டணும், போர்டப் பாத்து காப்பி பண்ணுன்னு உயிர எடுக்காம பிரின்ட் குடுக்கணும், பதில வாயால கேக்கணும், எல்லார் முன்னாடியும் சத்தமா வாசின்னு நிக்க வைக்கக் கூடாது, அதுதான் எனக்குத் தெரிஞ்சு பெரிய கொடுமை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட 21 வகை குறைபாட்டுல டிஸ்லெக்சியா சேர்ற கற்றல் குறைபாடும் உண்டு, பரீட்சைல கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஆள் எல்லாம் 17-வது பிரிவுலயே இருக்கு. கவர்மென்ட் ஸ்கூல்னா எச்எம் கிட்ட வட்டார வள மையத்து சிறப்பாசிரியர் பத்திக் கேளுங்க.

கூடுதல் நேரம் மத்த புள்ளைங்களுக்கு அநியாயம்னு சிலர் நெனக்கிறாங்க, அங்க பதில யாரும் சொல்லிக் குடுக்கல, வாசிக்க ஆகுற நேரத்ததான் ஈடு கட்டுறாங்க.