கல்லூரிக்குள் நுண்கணினி வந்த விதம்: கேள்வி பதில்

கேள்வி: பல்கலைக்கழகங்களில் பலருக்கும் பொதுவான பெருங்கணினி ஏற்கெனவே இருந்தபோது, மேசைமேல் வைக்கும் சிறிய நுண்கணினியை ஏன் வாங்கினார்கள்?

அமெரிக்கக் கல்லூரிகளை வைத்துச் சொல்கிறேன். நிரலைத் துளை அட்டைகளில் பதித்து, கணினி மையத்தில் கொடுத்துவிட்டு, அச்சிட்ட தாளுக்காக மாணவர் மணிக்கணக்கில் காத்திருந்த காலம் அது. ஒரு காற்புள்ளி தவறினாலும் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும். அந்தக் காத்திருப்பை ஒழிக்கத்தான் டார்ட்மத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்ற இரு ஆசிரியர்கள் 1964-இல் பேசிக் என்னும் எளிய நிரல் மொழியையும், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் முறையையும் உருவாக்கினார்கள். 1977-இல் வந்த ஆப்பிள் 2, கமடோர் பெட், டிஆர்எஸ்-80 ஆகிய மூன்று நுண்கணினிகளிலும் அதே பேசிக் உள்ளேயே பதிந்திருந்தது. பெருங்கணினியோடு இணைந்த விசைப்பலகைக் கருவியான முனையத்தில் பழகிய ஆசிரியர் புதிதாக எதையும் கற்காமல் மேசைக் கணினியில் பாடம் நடத்த முடிந்ததற்கு அதுவே காரணம் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ஐயா, கல்லூரி அலுவலகத்தில் நுண்கணினி எதற்குப் பயன்பட்டது? மாணவர் பதிவேட்டுக்கா?

பதிவேட்டுக்கு அல்ல. ஆப்பிள் 2-இல் தரவைச் சேமிக்கும் நெகிழ்வட்டில் 140 கிலோபைட்தான் அடங்கும். ஒரு மாணவருக்கு 500 எழுத்துகள் என்று கணக்கிட்டால், சுமார் 280 பேரோடு வட்டு நிரம்பிவிடும். அதனால் பெரிய நிறுவனங்களில் பதிவேடு பெருங்கணினியிலேயே தங்கியது. வரவு செலவுத் திட்டம்தான் நுண்கணினிக்கு மாறியது. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்தபோது டான் பிரிக்லினுக்குத் தோன்றிய எண்ணம், 1979-இல் விசிகால்க் என்னும் விரிதாளாக, அதாவது கட்டங்களில் எண்களை இட்டுக் கணக்கிடும் மென்பொருளாக, வெளிவந்தது. கட்டணம் என்ற ஒரே எண்ணை மாற்றினால், அதைச் சார்ந்த கூட்டுத்தொகைகள் அனைத்தும் கண்முன்னே மாறும். அதுவரை பென்சிலால் அழித்து அழித்துக் கூட்டிய கணக்கருக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை!

கேள்வி: மாணவர்கள் நுண்கணினியில் கட்டுரை எழுதினார்களா?

தொடக்கத்தில் சிரமம். முதல் ஆப்பிள் 2-இல் ஆங்கிலச் சிறிய எழுத்துகளே இல்லை. ஒரு வரிக்கு 40 எழுத்துகள் மட்டுமே.

கேள்வி: எல்லா மாணவரும் கணினி வைத்திருக்க வேண்டும் என்ற விதி எப்போது வந்தது?

1983-இல் சேர்ந்த புதிய மாணவர்களுக்கு டிரெக்சல் பல்கலைக்கழகம் அப்படி விதித்தது. 1984-இல் கடையில் 2,495 டாலருக்கு விற்ற ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினி, அவர்களுக்கு ஏறத்தாழ 1,000 டாலருக்குக் கிடைத்தது. ஆனால் கருவி கைக்கு வந்த வேகத்தில் பாடத்துக்குரிய மென்பொருள் வரவில்லை. ஆகவே ஆசிரியர்கள் பலர், வகுப்பு நேரம் போக மீந்த பொழுதில், தம் பாடத்துக்கான நிரல்களைத் தாங்களே எழுதினார்கள். அந்த உழைப்புக்கு உரிய மதிப்பை நாம் இன்னும் தரவில்லை.