ஓப்பனிங் பேண்ட் எதற்கு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஒரு குழுவைக் கேட்கத்தான் டிக்கெட் வாங்குகிறோம். ஆனால் பெயரே கேள்விப்படாத இரண்டு குழுக்கள் முதலில் ஏறி ஒன்றரை மணி நேரம் வாசிக்கின்றன. பெரிய ராக் கச்சேரிகளுக்கு இது தேவைதானா?

பதில்: அறுபதுகளில் கேட்டிருந்தால் யோசிக்காமல் ‘தேவை’ என்று சொல்லியிருக்கலாம். 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் சுமார் 55,600 பேர் கூடியிருக்க, பீட்டில்ஸ் வாசித்தது 12 பாட்டுகள்தான். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கிங் கர்டிஸ், பிரெண்டா ஹாலோவே போன்றவர்கள் முன்னால் வாசித்திருக்காவிட்டால் அதை ஒரு மாலை நிகழ்ச்சி என்றே சொல்லியிருக்க முடியாது. இன்றைக்கு முக்கியக் குழுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாசிக்கிறது. நேரத்தை நிரப்ப வேறு ஆள் வேண்டியதில்லை. கூட்டத்தைச் சூடேற்றுவதற்காக என்று வழக்கமாகச் சொல்வதும் அரை உண்மைதான். தொடக்கக் குழுவால் இப்போது நிஜமாக நடக்கும் காரியம் நுழைவாயிலிலும், ஒலியைக் கலந்து சரிசெய்யும் மிக்ஸர் மேசையிலும் நடக்கிறது.

முதலில் நுழைவாயில். 50,000 பேர், 40 வரிசைகள். பையைச் சோதித்து, டிக்கெட்டை ஸ்கேன் செய்து, ஒரு வரிசையில் நிமிடத்துக்குப் பத்துப் பேர் உள்ளே போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 400 பேர். எல்லோரும் உள்ளே வர 125 நிமிடம். இதுவும் எந்த ஸ்கேனரும் மக்கர் செய்யாமல், எல்லோரும் சீராக வந்தால்தான். உள்ளே எதுவும் நடக்காவிட்டால் யாரும் சீக்கிரம் வர மாட்டார்கள். கடைசி முக்கால் மணி நேரத்தில் மொத்தக் கூட்டமும் வாசலில் குவியும். அது எவ்வளவு ஆபத்து என்பதற்கு 1979 டிசம்பர் 3 அன்று சின்சினாட்டியில் நடந்த ‘தி ஹூ’ கச்சேரியே சாட்சி. பெரும்பாலான டிக்கெட்டுகளுக்கு இருக்கை எண் கிடையாது. திறந்த கதவுகளோ சில மட்டும். உள்ளிருந்து வந்த இசையைக் கேட்டுக் கச்சேரி தொடங்கிவிட்டது என்று நினைத்த கூட்டம் முன்னால் நெருக்கியது. 11 பேர் இறந்தார்கள். உள்ளே ஏற்கெனவே ஒரு குழு வாசித்துக்கொண்டிருக்கும், முக்கியக் குழு வர இன்னும் நேரமிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தால் அந்தப் பதற்றத்துக்கு இடம் குறைவு.

அடுத்தது ஒலி. மதியம் காலி அரங்கில் சரிசெய்த ஒலி, ஆட்கள் நிரம்பியதும் அப்படியே இருக்காது. மனித உடலும் உடையும் உயர் அதிர்வெண்களை உறிஞ்சிவிடும். கான்கிரீட் சுவரிலிருந்து வந்த எதிரொலி குறையும். திறந்தவெளியானால் வெயில் தாழ்ந்ததும் இன்னொரு மாற்றம் வரும். 30 டிகிரியில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது, 20 டிகிரியில் 343. மேடையிலிருந்து 70 மீட்டரில் நிற்கும் துணை ஸ்பீக்கர் கோபுரம், மேடையின் ஒலி அங்கே வந்து சேரும் வரை காத்திருந்து ஒலிக்க வேண்டும். அதற்கு மதியம் 200 மில்லிசெகண்ட் தாமதம் வைத்திருந்தால், இரவில் 204 வேண்டும். நாலு மில்லிசெகண்டில் என்ன வந்துவிடும் என்று தோன்றலாம். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியில் ஒரு அலையின் நேரமே 1 மில்லிசெகண்ட்தான். அதனால் கோபுரத்தின் ஒலியும் மேடையின் ஒலியும் பல அதிர்வெண்களில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, பின்வரிசைக்குப் பாடகரின் குரல் குழம்பிப் போகும். தொடக்கக் குழு வாசிக்கும்போதே ஒலி அமைப்பைக் கவனிக்கும் பொறியாளர் அரங்கம் முழுக்க நடந்து பார்த்து இதையெல்லாம் திருத்திவிடுவார். முக்கியக் குழுவின் முதல் பாட்டு அன்று நன்றாகக் கேட்டதென்றால், அதில் உங்களுக்குப் பிடிக்காத அந்தக் குழுவுக்கும் பங்கு உண்டு.

ஆக, ஒரு தொடக்கக் குழு வேண்டும் என்பதே எங்கள் கருத்து. மூன்று வைப்பது பெரும்பாலும் டிக்கெட் விற்பனைக்கும் நிறுவனங்களுக்கு இடையிலான ஏற்பாடுகளுக்கும்தான். கேட்பவருக்கு அதில் லாபமில்லை. ஒவ்வொரு கூடுதல் குழுவுக்கும் மேடை மாற்றும் நேரம் 20 நிமிடமாவது சேரும், முக்கியக் குழு ஏறும்போது கூட்டத்தின் கால் வலித்துப் போயிருக்கும்.

கேள்வி: புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் பிங்க் ஃபிளாய்டும் தனியாகவே வாசித்தார்களே, அது எப்படிச் சாத்தியமானது?

பதில்: நீளம்தான் காரணம். ஸ்பிரிங்ஸ்டீனின் கச்சேரி வழக்கமாக மூன்று மணி நேரம். 2012 ஜூலை 31 அன்று ஹெல்சிங்கியில் 4 மணி 6 நிமிடம் வாசித்தார். அதற்கு முன்னால் இன்னொருவரை ஏற்றினால் வீடு திரும்புவது எப்போது? பல நகரங்களில் ஒலியை நிறுத்த வேண்டிய நேரம் உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். இதே ஸ்பிரிங்ஸ்டீன் 2012 ஜூலை 14 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் பால் மெக்கார்ட்னியையும் மேடையேற்றிப் பாடி முடித்ததுமே, நேரம் தாண்டிவிட்டது என்று ஒலியை அணைத்துவிட்டார்கள். பிங்க் ஃபிளாய்டின் விஷயம் வேறு. இடைவேளை விட்டு இரண்டு பகுதிகளாக வாசிக்கும் கச்சேரிக்கு முதல் பகுதியே தொடக்கக் குழு மாதிரி. 1996 முதல் ரஷ் குழுவும் அந்த வழிக்கு மாறியது.

தனியாக வாசிப்பவர்கள் வாசல் சிக்கலை வேறு விதமாகச் சமாளிக்க வேண்டும். கதவைச் சீக்கிரம் திறப்பது, எண்ணிட்ட இருக்கை, அச்சிட்ட நேரத்தைவிட அரை மணி தள்ளித் தொடங்குவது, முதல் இரண்டு பாட்டுகளை அதிகம் தெரியாதவையாக வைப்பது, இப்படி.

கேள்வி: தொடக்கக் குழுவின் சத்தம் மட்டும் ஏன் கொழகொழவென்று கேட்கிறது? வேண்டுமென்றே கெடுக்கிறார்களா?

பதில்: சில சமயம் உண்டு. தொடக்கக் குழுவின் ஒலி இத்தனை டெசிபலைத் தாண்டக் கூடாது, இன்னின்ன விளக்குகளைத் தொடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதும் குழுக்கள் இருக்கின்றன. எங்களுக்கு அது அற்பத்தனமாகவே படுகிறது. ஆனால் பெரும்பாலான நாட்களில் சதி எதுவும் கிடையாது. நேரம் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். சவுண்ட் செக், அதாவது நிகழ்ச்சிக்கு முன் வாசித்து ஒலியைச் சரிபார்ப்பது, தலைகீழ் வரிசையில் நடக்கும். முக்கியக் குழு முதலில் பார்த்து முடிக்கும், முதலில் வாசிக்கப்போகும் குழு கடைசியில் பார்க்கும். அப்போதுதான் கடைசியாக மேடையில் வைத்த சாமான்களை நகர்த்தாமல் அப்படியே நிகழ்ச்சியைத் தொடங்க முடியும். முக்கியக் குழு ஒரு மணி நேரம் இழுத்துவிட்டால், அந்த இழப்பு முழுவதும் தொடக்கக் குழுவின் தலையில் விழும். அவர்களுக்கு லைன் செக் மட்டுமே மிஞ்சும். மைக்கில் சத்தம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதுதான் அது.

அரங்கமும் அப்போது பாதி காலி. கான்கிரீட் கிண்ணத்தில் பேஸ் ஒலி நீண்ட நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். விவரமறிந்த பொறியாளர் பேஸையும் கிக் டிரம்மையும் குறைத்து, குரலை மேலே தூக்கி, மொத்த அளவையும் கொஞ்சம் இறக்கி வைப்பார். விவரமில்லாதவர் முக்கியக் குழுவுக்கு ஈடு கொடுக்க நினைத்து எல்லாவற்றையும் ஏற்றுவார். நீங்கள் கேட்ட கொழகொழப்பு பெரும்பாலும் அங்கே பிறந்ததுதான்.

கேள்வி: ஒரு குழு இறங்கி அடுத்தது ஏற அரை மணி நேரம் ஆகிறதே, அப்படி என்னதான் செய்கிறார்கள்?

பதில்: முதல் ஐந்து நிமிடம் தொடக்கக் குழுவின் சாமான்களை வெளியேற்ற. அவர்களுக்குப் பின்னால் கறுப்புத் துணி மூடிக் காத்திருந்த முக்கியக் குழுவின் டிரம்ஸும் ஆம்ப்களும் அடுத்த ஏழெட்டு நிமிடத்தில் சக்கர மேடையோடு முன்னால் வரும். பிறகு ஒவ்வொரு மைக்கும் மிக்ஸரில் தனக்குரிய சானலில் (தனி வழியில்) வருகிறதா என்று டெக்னீஷியன்கள் தட்டிப் பார்ப்பார்கள். 50, 60 சானல் என்றால் அதற்கே பத்து நிமிடம். இரண்டு கேபிள்கள் இடம் மாறிச் செருகப்பட்டிருந்தால் இங்கேதான் பிடிபட வேண்டும். கடைசியில் வயர்லெஸ் மைக்கும் காதுக்குள் வைக்கும் மானிட்டரும். பல நாள் தாமதம் இவற்றால்தான், ஏனென்றால் மதியம் காலியாக இருந்த அலைவரிசைகளில் மாலைக்குள் யாராவது புகுந்திருப்பார்கள்.

இந்த இடைவெளி நீளக் கூடாது. 1992 ஆகஸ்ட் 8 அன்று மான்ட்ரியல் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் மேடை வாணத்தில் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுக்குத் தீக்காயம் பட்டு, மெட்டாலிக்கா பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்து வாசிக்க வேண்டிய கன்ஸ் அண்ட் ரோசஸ் வெகுநேரம் கழித்து வந்து, அவர்களும் சீக்கிரம் இறங்கிவிட்டார்கள். அன்றிரவு கலவரமானது.

கேள்வி: பெரிய குழுவின் சுற்றுப்பயணத்தில் சேர, தொடக்கக் குழுவே பணம் கட்டுகிறது என்பது உண்மையா?

பதில்: எல்லா இடத்திலும் இல்லை, ஆனால் உண்டு. அதற்கு ‘பை-ஆன்’ என்று பெயர். பணம் கட்டாதவர்களுக்குக் கிடைப்பதும் பெரும்பாலும் பயணச் செலவுக்குப் போதாத தொகைதான். டி-ஷர்ட் விற்றுத்தான் ஈடுகட்ட வேண்டும், அதிலும் அரங்கம் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் ஐவர் குழுவுக்கு ஒரு பெரிய குழுவின் முன்னால் 30 நிமிடம் கிடைத்திருக்கிறது. எப்படித் தயாராவது?

பதில்: 30 நிமிடம் கொடுத்தால் 26 நிமிடத்துக்கு மேல் இசை வைக்காதீர்கள். நாலு நிமிடப் பாட்டு என்றால் ஆறு. மீதி நேரம் டியூனிங்குக்கும் இரண்டு வாக்கியப் பேச்சுக்கும் போய்விடும். நீங்கள் பத்து நிமிடம் தாமதமாக ஏறினாலும் முடிக்கும் நேரம் மாறாது. ஆகவே எந்த இரண்டு பாட்டுகளைக் கைவிடுவது என்பதை முன்பே முடிவு செய்து, பட்டியலில் குறித்து வையுங்கள். மேடையில் நின்று கலந்து பேசும் ஒவ்வொரு விநாடியும் கூட்டத்தை இழக்கும் விநாடி.

ஒரு வாரம் முன்பே இரண்டு காகிதங்கள் அனுப்புங்கள். ஒன்று, யார் எங்கே நிற்பார், மின்சாரம் எங்கே வேண்டும் என்ற மேடைப் படம். மற்றொன்று சானல் பட்டியல்: டிரம்ஸில் கிக், ஸ்நேர், ஹை-ஹாட், இரண்டு டாம், அதற்கு மேலே இரண்டு மைக், டிஐ பெட்டி (மைக் இல்லாமல் கருவியை நேராக மிக்ஸரோடு இணைப்பது) வழியாக பேஸ், இரண்டு கிட்டார், கீபோர்டுக்கு இடமும் வலமும், மூன்று குரல். மொத்தம் 15. அதற்கு மேல் கேட்டால் லைன் செக்கில் நீங்களே மாட்டிக்கொள்வீர்கள். லேப்டாப்பிலிருந்து பின்னணி ஒலி ஓட்டுகிறீர்கள் என்றால் கிளிக் சத்தத்துக்கு (தாளம் தப்பாமலிருக்கக் காதில் கேட்கும் டக்-டக் ஒலி) தனி வழி வேண்டும், அது டிரம்மர் காதோடு நிற்கட்டும். தவறான துளையில் செருகி ஸ்டேடியம் முழுக்கக் கிளிக் கேட்கும் விபத்து அபூர்வமானதல்ல. கிட்டாருக்கு வயர்லெஸ் வேண்டாம். ஆறு மீட்டர் கேபிள் போதும், அலைவரிசைச் சண்டையும் இல்லை.

கிட்டார் கம்பிகளை முந்தின நாளே மாற்றி, நன்றாக இழுத்து நிலைப்படுத்துங்கள். அன்றைக்கு மாற்றினால் இரண்டாம் பாட்டிலேயே சுருதி இறங்கும். டியூன் செய்த இன்னொரு கிட்டார் ஓரத்தில் நிற்கட்டும். பெடல் போர்டின் அடாப்டருக்கும் மாற்று வேண்டும், ஏனென்றால் மேடையில் முதலில் சாவது அதுதான். டிரம்ஸை ஓரத்திலேயே முழுதாகப் பூட்டி வைத்துத் தூக்கி வாருங்கள். ஸ்டாண்டுகள் நிற்கும் இடத்தைக் கம்பளத்தில் டேப் ஒட்டிக் குறியுங்கள்.

முடிந்ததும் மேடையில் உட்கார்ந்து கேபிள் சுற்றாதீர்கள்! எல்லாவற்றையும் அப்படியே அள்ளி ஓரத்துக்குக் கொண்டுபோய், அங்கே பிரித்து அடுக்குங்கள். ஐந்து நிமிடத்தில் மேடையைக் காலி செய்யும் குழுவை ஸ்டேஜ் மேனேஜர்கள் மறப்பதில்லை, அடுத்த வாய்ப்புகளில் அவர்கள் சொல்லுக்கும் மதிப்புண்டு. முக்கியக் குழுவின் சாய்தளங்கள், முன்னால் நீளும் நடைமேடை பக்கம் கேட்காமல் போகவே வேண்டாம்.

கேள்வி: பொருந்தாத குழுவை ஏன் போடுகிறார்கள்?

பதில்: ரசிகர்கள் யார் என்று பார்க்காமல் புகழை மட்டும் பார்ப்பதால். 1967 ஜூலையில் மங்கீஸ் குழுவுக்கு முன்னால் வாசித்தவர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். மங்கீஸ் பாடகர் டேவி ஜோன்ஸுக்காகக் கத்திக்கொண்டிருந்த பதின்வயதினருக்கு அந்தக் கிட்டாரில் என்ன அக்கறை? சில நிகழ்ச்சிகளோடு விலகிவிட்டார். 1981 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் ரோலிங் ஸ்டோன்ஸுக்கு முன் ஏறிய பிரின்ஸைப் பொருள்களை வீசியே இறக்கினார்கள். அதற்காக ஒரே மாதிரிக் குழுவைத்தான் போட வேண்டும் என்றும் இல்லை. 1970 ஏப்ரலில் கச்சேரி அமைப்பாளர் பில் கிரஹாம் தனது ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழுவுக்கு முன்னால் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸை ஏற்றினார். அங்கே வருபவர்கள் கலவையான நிகழ்ச்சிக்குப் பழகியவர்கள், அதனால் நடந்தது. நன்றாகப் பொருந்திய இணைக்கு உதாரணம் 1988: ஏரோஸ்மித்துக்கு முன்னால் வாசித்துக்கொண்டிருந்த கன்ஸ் அண்ட் ரோசஸின் முதல் ஆல்பம் அந்தப் பயணத்தின் நடுவிலேயே அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்தது.

கேள்வி: தொடக்கக் குழுவைத் தவிர்த்து நேராக முக்கியக் குழுவுக்கு வந்தால் போதாதா?

பதில்: வரலாம். நிகழ்ச்சி நேரப் பட்டியலை அன்று மதியத்துக்குள் அரங்கமோ குழுவோ பெரும்பாலும் வெளியிட்டுவிடும். ஆனால் உங்களைப் போலவே எண்ணியவர்கள் அத்தனை பேரும் அந்த இடைவெளிக்கே குறிவைப்பார்கள், வரிசை அப்போதுதான் மிக நீளம். தொடக்கக் குழு ஏறிப் பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டால் வாசலில் நெரிசல் குறைவாக இருக்கும். டிக்கெட்டில் ‘ஆன் ஈவ்னிங் வித்’ என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால் முன்னால் யாரும் வாசிக்கப்போவதில்லை. தாமதமாக வந்தால் நீங்கள் இழப்பது முக்கியக் குழுவின் பாட்டுகளைத்தான்.